ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமெண்ட்

இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைகளில் செயற்கை மூட்டை எலும்போடு இறுக்கிப் பிடிக்க உதவும் அக்ரிலிக் பொருளே எலும்பு சிமெண்ட். தூளையும் திரவத்தையும் அறுவை அரங்கிலேயே பிசைவார்கள். சில நிமிடங்களில் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்து, சூடேறி, கெட்டியாகிவிடும். பல் மருத்துவத்தில் புழங்கிய இந்தப் பொருளை, 1950களின் இறுதியில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்குக் கொண்டுவந்தார்.

மூட்டு மாற்றில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது கிருமித் தொற்றை. உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. உலோகத்துக்குள் ரத்தம் ஓடுவதில்லை; ஊசியில் ஏற்றும் மருந்து அங்கே போதிய அளவில் எட்டுவதில்லை. அப்படியானால் சிமெண்டிலேயே மருந்தைக் கலக்கலாமே என்று முயன்றவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பணியாற்றிய புக்ஹோல்ஸ். அவரும் எங்கல்பிரெக்ட்டும் 1970இல் அதைப் பற்றி எழுதினர். அவர்கள் பயன்படுத்திய மருந்துகளில் நிலைத்து நின்றது ஜென்டாமைசின்: சிமெண்ட் இறுகும்போது எழும் சூட்டைத் தாங்கும், நீரிலும் கரையும்.

மருந்து சீராகக் கசிவதில்லை. முதல் சில நாள்களில் வேகமாக வெளியேறும். பிறகு வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வரும். பெரும்பகுதி உள்ளேயே சிக்கிக்கிடக்கும். சிமெண்டில் துளைகள் கூடினால் மருந்து தாராளமாக வெளிவரும், ஆனால் சிமெண்டின் வலு குறையும். இந்த முரண்தான் ஆராய்ச்சியின் மையச் சிக்கல். அதனால் நிரந்தரமாகத் தங்க வேண்டிய சிமெண்டில் 40 கிராம் தூளுக்கு ஏறத்தாழ 1 கிராம் அல்லது அதற்கும் குறைவாகவே மருந்து சேர்க்கிறார்கள். தொற்று கண்ட மூட்டைக் கழற்றிவிட்டுத் தற்காலிகமாக வைக்கும் சிமெண்ட் கட்டியில் அதைவிடப் பல மடங்கு சேர்க்கலாம். குறைந்த அளவில் நீண்டநாள் கசியும் மருந்து, அதற்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடுமோ என்ற அச்சமும் உண்டு. எல்லா நோயாளிகளுக்கும் இதை வழக்கமாகப் பயன்படுத்தலாமா என்பதில் நாட்டுக்கு நாடு நடைமுறை வேறுபடுகிறது.

எலும்பு ஒட்டு வைக்கும் முறைக்கும் இந்தச் சிமெண்ட் எதிர்பாராத வகையில் உதவியது. எலும்பில் பெரிய இடைவெளி விழுந்தால் பிரான்சின் மஸ்க்லே அங்கே சிமெண்ட் கட்டியை வைத்தார். ஆறு முதல் எட்டு வாரங்களில் உடல் அதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு சவ்வை வளர்க்கிறது. சவ்வைத் திறந்து, சிமெண்டை எடுத்துவிட்டு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய எலும்புத் துணுக்குகளால் குழியை நிரப்புவார்கள். வெறும் குழியில் வைத்தால் கரைந்துபோகக்கூடிய ஒட்டை இந்தச் சவ்வு காக்கிறது. வளர்ச்சிக்கான புரதங்களையும் சுரக்கிறது.

சிமெண்டை எடுக்க இன்னொரு அறுவை தேவைப்படுவதால், தானே கரையும் பொருள்களும் ஆராயப்படுகின்றன. அவற்றில் பழையது கால்சியம் சல்பேட், அதாவது மாவுக்கட்டுக்கு உதவும் அதே பொருள். 1892இலேயே ஜெர்மனியின் டிரீஸ்மன் எலும்புக் குழிகளை அதனால் அடைத்தார். இன்று ஆன்டிபயாடிக் கலந்த சிறு மணிகளாக அதை வைக்கிறார்கள். கரையும்போது காயத்திலிருந்து நாள்கணக்கில் நீர் வடிவது அதன் குறை.