விரல் நுனி ரகசியம்

ஸ்பெயின் தேசத்தில், பார்ஸிலோனா நகரத்துச் சங்கீதப் பொருட்காட்சிசாலையில் ஒரு கிதார் இருக்கிறது. அதன் முன்பலகை மரம். முதுகும் விலாவும் அட்டை! அட்டை என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று எண்ண வேண்டாம். கணக்குப் புஸ்தகத்துக்கு மேலட்டை போடுகிறார்களே, ஏறக்குறைய அந்த ஜாதிதான். 1862-ம் வருஷம் அதைச் செய்தவர், மரம் வாங்கக் காசில்லாமல் அப்படிச் செய்யவில்லை, வேண்டுமென்றே செய்தார். கிதாரின் நாதம் எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு அவர் கையால் எழுதிய விடை அது. நாதம் பிறப்பது முன்பலகையில். மற்றவையெல்லாம் அதைத் தாங்கும் சுவர்கள் என்பது அவர் கட்சி.

அந்த மனிதர் பெயர் அந்தோனியோ தெ தோரெஸ். இன்றைக்குக் கச்சேரி மேடைகளில் வாசிக்கப்படும் கிளாஸிகல் கிதார்களில் பெரும்பாலானவை அவர் போட்ட அச்சில் வந்தவையே.

தோரெஸ் 1817-ல் அல்மேரியாவை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தச்சுப் பட்டறைக்குப் போனார். பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டிருந்த காலம். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமே என்று வீட்டார் அவசர அவசரமாக ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தார்கள். அந்தக் கல்யாணம் பட்டாளத்திலிருந்து காப்பாற்றியதோ என்னவோ, துக்கத்திலிருந்து காப்பாற்றவில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1845-ல் மனைவி க்ஷயரோகத்தில் இறந்தாள். அவளுக்கு வயது 23.

அதன் பிறகுதான் ஸெவில் நகரத்தில் கிதார் செய்யும் தோரெஸை நாம் சந்திக்கிறோம்.

அந்தக் காலத்துக் கிதார் சிறியது. உடம்பும் ஒல்லி, குரலும் ஒல்லி. வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கலாம். பெரிய மண்டபமென்றால், பின்வரிசைக்காரர்கள் வித்வானின் விரலசைவைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டியதுதான். பியானோவின் முழக்கத்துக்குப் பழகிவிட்ட காதுகளுக்கு முன்னால் கிதார் ஏழை உறவினனைப் போல் ஒதுங்கி நின்றது. அதைச் சபையேற்றியவர் தோரெஸ். உடம்பைப் பெரிதாக்கினார். தந்தியின் நீளத்தை 650 மில்லிமீட்டர் அளவில் நிலைநிறுத்தினார். முன்பலகையை மெல்லியதாக இழைத்து, லேசாகக் குவிய வைத்தார். அதன் உட்புறத்தில், விசிறி மடிப்பைப் போல் ஏழு சன்னமான மரச் சட்டங்களை ஒட்டினார். விசிறிச் சட்டம் அவருக்கு முன்பே ஸ்பெயினில் இருந்ததுதான். ஆனால் கிடைத்ததை எல்லாம் ஒன்று சேர்த்து, ஒரு முழு வாத்தியமாக்கியவர் அவர்.

இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். தந்தி தானாக அதிகம் ஒலிக்காது. காற்றை அசைக்க அதற்கு அகலம் போதாது. அதன் துடிப்பை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுப்பது முன்பலகைதான். அந்தப் பலகையின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர். அதன்மேல் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்போ ஏறக்குறைய 40 கிலோ! பலகை தடித்திருந்தால் வாத்தியம் ஊமை. மெலிந்து போனால், நாளடைவில் வளைந்து உயிரை விடும். ஊமைக்கும் மரணத்துக்கும் நடுவே இருக்கிற இடம் மயிரிழை. அந்த இடம் இன்னதென்று அளவுகோல் சொல்லாது. ஒரு மரத்தின் இழை மாதிரி இன்னொரு மரத்தின் இழை இருப்பதில்லை. தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, இன்னும் ஒரு சீவல் எடுக்கலாமா, நிறுத்தலாமா என்று கைதான் தீர்மானிக்க வேண்டும்.

1869-ல் பிரான்ஸிஸ்கோ தாரெகா என்ற பதினேழு வயதுப் பையன் கிதார் வாங்க ஸெவிலுக்கு வந்தான். தோரெஸ் கடையில் இருந்த ஒரு சாதாரண வாத்தியத்தைக் காட்டினார். பையன் வாசித்தான். கேட்ட தோரெஸ் உள்ளே போய், சில வருஷங்களுக்கு முன் தமக்கென்று செய்து வைத்திருந்த கிதாரை எடுத்து வந்து கொடுத்தார் என்பார்கள். பிற்காலத்தில் அந்தப் பையன் கிதார் உலகத்துக்கே ஆசானாக விளங்கினான்.

கொடுத்த கை என்ன ஆயிற்று? அடுத்த சில மாதங்களில் தோரெஸ் ஸெவில் பட்டறையை மூடிவிட்டு அல்மேரியாவுக்குத் திரும்பினார். அங்கே பீங்கான் பாத்திரக் கடை வைத்தார்! நாதத்தின் மயிரிழையை அறிந்த விரல்கள் கோப்பையும் தட்டும் எடுத்து வைத்தன. 1875 வாக்கில் மறுபடியும் உளியைத் தொட்டார். 1892-ல் இறக்கும் வரையில் விடவில்லை. ஆனாலும் அவர் கிதாரால் பணக்காரர் ஆகவில்லை.

அவருடைய கடைசிக் காலத்தில் ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டார்களாம். அது தம்மோடு கல்லறைக்குத்தான் வரும் என்றாராம் தோரெஸ். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் பலகையைத் தொட்டுப் புத்திக்குச் சொல்லும் சமாசாரத்தை எப்படி எழுதி வைப்பது என்பது அவர் கேள்வி. அவரை அறிந்திருந்த பாதிரியார் ஒருவர் பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார். தோரெஸ் கஞ்சத்தனமாக ஒளித்தார் என்று நான் நினைக்கவில்லை. ஒளிக்கிற ரகசியம் ஒன்று; சொல்ல முடியாத ரகசியம் இன்னொன்று.

சொல்ல முடியாததை மறுபடி கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஜெர்மனியின் மியூனிச் நகரத்து ஹெர்மன் ஹவுஸர். 1924-ல் ஸெகோவியா என்ற ஸ்பானிய வித்வானின் வாசிப்பைக் கேட்டு, அவருடைய கிதாரையும் பரிசோதித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். வித்வான் லேசில் திருப்தியடைகிறவர் அல்ல. பதின்மூன்று வருஷங்கள் சென்றன. 1937-ல் ஹவுஸர் செய்த கிதாரை ஸெகோவியா கையில் எடுத்தார். 1962 வரையில் அதுவே அவருடைய மேடைத் துணை. இப்போது அது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூஸியத்தில் இருக்கிறது. கலைஞனின் கையைத் தேற்றியது இன்னொருவரின் பிடிவாதமான காது. அந்தக் காது இல்லாத ஊரில் எந்தக் கைக்கும் பீங்கான் கடைதான் கதி.

நமக்கும் இந்த வாத்தியத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. முதுகுக்கும் விலாவுக்கும் மிகவும் புகழ் பெற்றது பிரேஸில் தேசத்து ரோஸ்வுட். வெட்டி வெட்டி அது அருகிப் போகவே, 1992-ல் சர்வதேச வியாபாரத்தைத் தடுத்து விட்டார்கள். அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக் கொண்டது இந்திய ரோஸ்வுட். அதாவது நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றக் காடுகளிலும் வளரும் நம் ஈட்டி மரம். அதுவும் அள்ள அள்ளக் குறையாத செல்வமல்ல. ஒரு மரம் பருத்து முற்ற மனித ஆயுள் போதாது.

அட்டைக் கிதாரின் அருமை இங்கேதான் தெரிகிறது. விலையுயர்ந்த மரம் இல்லாவிட்டால் வாத்தியமே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு அது அன்றே பதில் சொல்லிவிட்டது. காட்டில் மரம் குறைந்தால் வேறு மரம் தேடிக் கொள்ளலாம். அட்டையைக் கூடப் பேச வைக்கலாம். அதற்கு, எந்தச் சீவலோடு நிறுத்த வேண்டும் என்று அறிந்த இரண்டு விரல்கள் வேண்டும். அந்த விரல்களுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கிற ஊரும் வேண்டும்.