வாடி நாட்ரூன் உப்பும் முகக் கிறீமும்

சில முகக் கிறீம்களின் பின்பக்கத்தில் 'எக்டோயின்' என்றொரு பெயர் இருக்கும். இயற்கையானது, தோலைக் காக்கும் என்று விற்கிறார்கள். எந்த இயற்கை, யாருடைய நிலம் என்று நாங்கள் தேடிப்போனால் கதை எகிப்தில் போய் நிற்கிறது.

கெய்ரோவுக்கு வடமேற்கே பாலைவனத்துக்குள் இருக்கிறது வாடி நாட்ரூன். அங்குள்ள ஏரிகளில் கடலைவிடப் பல மடங்கு உப்பு. பண்டைய எகிப்தியர் இங்கே எடுத்த நேட்ரன் உப்பால் இறந்தவர்களின் உடலை மூடி, ஈரத்தை உறிஞ்சவிட்டு மம்மி செய்தார்கள். செத்த உடம்பையே வற்றவைக்கிற அந்த உப்புக்குள்ளும் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது.

1977இல் ஜேர்மனியின் பொன் நகரத்து ஆய்வாளர்களான இம்ஹோஃபும் ட்ரூப்பரும் இந்த ஏரிகளில் கிடைத்த ஒரு பக்டீரியாவைப் பற்றி எழுதினார்கள். சுற்றியுள்ள உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும்போது அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? 1985இல் கலின்ஸ்கியும் கூட்டாளிகளும் விடை சொன்னார்கள். அந்தப் பக்டீரியா தானே ஒரு சிறு மூலக்கூறைச் செய்து உடலுக்குள் சேர்த்துக்கொள்கிறது. அது தண்ணீரைப் பிடித்துவைத்து, புரதங்கள் குலையாமல் காக்கிறது. அதுதான் எக்டோயின்.

வியாபாரத்துக்கு வந்தபோது வேறொரு பக்டீரியாவைப் பிடித்தார்கள். கரீபியன் தீவான பொனேரின் உப்பளத்தில் கிடைத்த ஹலோமோனாஸ் எலொங்காட்டா. அதை உப்பு கூடிய நீரில் வளர்த்து, பிறகு உப்புக் குறைந்த நீருக்கு மாற்றினால் எக்டோயினை வெளியே விட்டுவிடும். திரும்ப உப்பில் போட்டால் திரும்பச் செய்யும். மாட்டில் பால் கறக்கிற மாதிரித்தான். ஆய்வாளர்களும் அதைக் 'கறத்தல்' என்றே சொன்னார்கள்.

ஆக, அறிவு எகிப்து ஏரியிலிருந்து, பக்டீரியா பொனேர் உப்பளத்திலிருந்து, தொழில்நுட்பம் ஜேர்மனியிலிருந்து. உயிர்வளங்கள் மீது அந்தந்த நாட்டுக்கு உரிமை உண்டு என்று உயிர்ப்பல்வகைமைச் சமவாயம் சொன்னது 1992இல். பலனை எப்படிப் பகிர்வது என்பதற்கான நகோயா நெறிமுறை 2010இல்தான் வந்தது. பக்டீரியாக்கள் அதற்கு முன்பே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டன. முன்னே போனவற்றுக்குப் பின்னே வந்த சட்டம் கணக்குக் கேட்பதில்லை.

கண்டுபிடித்தவர்களின் உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'இயற்கை' என்ற சொல்லுக்குள் ஊர்கள் காணாமல் போகின்றன. வெறும் உப்புத் தரவை என்று நாங்கள் கடந்துபோகிற இடங்களிலும் இப்படியான உயிர்கள் இருக்கலாம். ஆனையிறவிலும் உப்பளம் இருக்கிறது. அங்கே என்ன வாழ்கிறது என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தானே?