தெருமுனைப் பட்டறையும் உத்தரவாதச் சீட்டும்

மோட்டார் சைக்கிளை வாங்கியவர் அதைத் தமக்கு நம்பிக்கையான எந்தப் பட்டறையிலும் பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தியாவில் நெடுங்காலம் எழுதப்படாத, எழுதவேண்டிய தேவையும் எழாத உரிமையாக இருந்தது. எல்லைக் காவலுக்கு இராணுவம் தேர்ந்தெடுத்த புல்லட்டை உள்நாட்டிலேயே தயாரிப்பதற்காக, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. 1960-களில் மைசூரிலிருந்து ஜாவாவும், எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத்தும் வந்தன. ஆயினும் வண்டிகள் சென்று சேர்ந்த சிற்றூர்களுக்கெல்லாம் அவற்றை விற்ற முகவர்களின் சர்வீஸ் நிலையங்கள் சென்று சேரவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் மெக்கானிக் கடை வளர்ந்தது. எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே தொழில் கற்றவர்கள் நடத்திய அக்கடைகளுக்கு அக்கால எஞ்சினின் அமைப்பே துணை நின்றது: பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், பிளக்கில் தீப்பொறி எழும் நேரத்தை முறைப்படுத்தும் பாயிண்ட், வால்வைத் தள்ளும் டாப்பெட் ஆகிய அனைத்தும் கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கு எட்டின, காதால் கேட்டே சரிசெய்யத்தக்கனவாகவும் இருந்தன. தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தும் 'ரீபோர்' வேலையை அருகிலிருந்த லேத் பட்டறை முடித்துக் கொடுத்தது; சென்னையில் புதிய உதிரி பாகங்களுக்கு ஜி.பி. சாலையும் பழையவற்றுக்குப் புதுப்பேட்டையும் இருந்தன. நிறுவனம் மறைத்து வைக்க அந்த எஞ்சினில் எதுவுமில்லை என்பதே உரிமையாளரின் சுதந்திரத்துக்கு உண்மையான காவலாக இருந்தது எனலாம்.

1984-இல் இந்த்-சுசுகியும் 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் ஜப்பானிய நூறு சி.சி. வண்டிகளைக் கொண்டுவந்தபின், விற்பனை பெருகிய வேகத்தில் ஷோரூம்களும் பெருகின. குறித்த காலத்துக்குள் தயாரிப்புக் குறையால் பழுதாகும் பாகத்தை நிறுவனமே மாற்றித் தரும் என்னும் வாக்குறுதியான வாரண்டி, அங்கீகாரம் பெற்ற நிலையத்திலேயே சர்வீஸ் செய்ய வேண்டும் என்னும் நிபந்தனையோடு வந்தது. மக்கள் இதற்கு எளிய வழி கண்டனர்: இலவச சர்வீஸ் கூப்பன்கள் தீரும்வரை ஷோரூம், அதன்பின் வழக்கமான மெக்கானிக்.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது சட்டமன்று, மின்னணுவியல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, சென்சார்கள் தரும் செய்தியைக் கொண்டு எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் சிறு கணினி அதன் இடத்தைப் பிடித்தது. அது பதிவுசெய்யும் பிழைக் குறியீடுகளைப் படிக்க ஸ்கேனர் கருவி தேவைப்படுகிறது. சந்தையில் கிடைக்கும் பொதுக் கருவி படிக்காத தகவலும் செய்யாத அமைப்பு மாற்றமும் நிறுவனத்தின் சொந்தக் கருவியையே சார்ந்துள்ளன.

இதே சிக்கலைக் கார்களின் தொடர்பில் இந்தியப் போட்டி ஆணையம் முன்னரே ஆராய்ந்திருந்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் முடக்கியதற்காக 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்த அந்த ஆணை, தனிப் பட்டறைக்குச் சென்றார் என்பதற்காக மட்டும் ஒருவரது வாரண்டியை ரத்து செய்யலாகாது எனவும், தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்தின் அளவுக்கே அதை மறுக்கலாம் எனவும் கூறியது. அபராதம் மேல்முறையீடுகளில் இழுபட்டது. ஆணை கட்டுப்படுத்தியதோ கார் நிறுவனங்களை மட்டுமே. நாட்டின் வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகளாக இருக்க, அவற்றின் உரிமையாளர்கள் அத்தீர்ப்புக்கு வெளியே நின்றது விந்தையே. அமெரிக்காவில் வாரண்டியைக் குறிப்பிட்ட நிறுவனப் பாகங்களோடு பிணைப்பதை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதன்படி மோட்டார் சைக்கிள் நிறுவனமான ஹார்லி-டேவிட்சன் மீதே 2022-இல் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, வாரண்டி வாசகத்தை மாற்றச் செய்தது. அதே 2022-இல் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென அமைத்த குழு வாகனங்களையும் தன் வரம்பில் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென அத்துறை தொடங்கிய இணையவாயில், நிறுவனங்கள் தாமே முன்வந்து தகவல் தரும் ஏற்பாடாகவே அமைந்தது.