ஃபுகுஷிமா அணு உலை விபத்து: மக்களின் எதிர்வினை

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி, டோக்கியோ மின்சார நிறுவனமான டெப்கோவின் ஃபுகுஷிமா டாய்-இச்சி அணுமின் நிலையத்துக்குள் புகுந்து அவசர கால டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. இதையடுத்து மக்கள் நடந்துகொண்ட விதத்தைப் பலர் ‘பீதி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். அது நியாயமல்ல. அந்த அச்சத்தில் பெரும்பகுதி, சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில் சொல்லாததால் விளைந்தது.

இதற்கு முன்னோட்டம் 2007-லேயே நிகழ்ந்திருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நீகாட்டா கடலோர நிலநடுக்கத்தின்போது, அதே நிறுவனத்தின் காஷிவாசாகி-காரிவா நிலையத்தில் மின்மாற்றி தீப்பிடித்து எரிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கதிரியக்கக் கசிவு இல்லை என்று முதலில் அறிவித்த நிறுவனம், சிறிதளவு கடலில் கலந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டது. நிலையத்தை இயக்கக் கூடாது என்று காஷிவாசாகி மேயர் உத்தரவிட்டார். கசிவு சிறியதுதான், ஆனால் போன நம்பிக்கை எளிதில் திரும்பவில்லை.

ஃபுகுஷிமாவில் வெளியேற்ற எல்லை ஒரே நாளில் 2 கிலோமீட்டரிலிருந்து 3, 10, 20 என்று விரிந்தது. 3 கிலோமீட்டர் உத்தரவு வந்த இரவு 9.23 மணிக்கு, நிலையம் அமைந்த ஊர்க்காரர்களிலேயே ஐந்தில் ஒருவருக்குத்தான் விபத்து நடந்ததே தெரியும் என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு பின்னர் கண்டறிந்தது. அருகிலிருந்த நாமியே நகர நிர்வாகம் தொலைக்காட்சியைப் பார்த்தே செய்தி அறிந்தது. அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் வடமேற்கே மலைப்பகுதியான சுஷிமாவுக்குப் போனார்கள். அங்கே பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள், பெரியவர்கள் ஓடைத் தண்ணீரில் சோறாக்கினார்கள். கதிரியக்கத் துகள்களைக் காற்று கொண்டு சென்றதும் அதே திசையில்தான். இதைக் கணிக்கும் ‘ஸ்பீடி’ என்ற கணினி அமைப்பு அரசிடமே இருந்தது. அதன் கணிப்பு மார்ச் 23 அன்றுதான் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. நாமியே மக்களின் கோபம் இன்றுவரை தணியாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவசர வெளியேற்றமே உயிர்களைக் குடித்தது என்பதையும் மறைக்க முடியாது. நிலையத்துக்கு அருகிலிருந்த ஃபுதாபா மருத்துவமனையின் முதிய நோயாளிகளைப் போதிய மருத்துவத் துணையின்றிப் பேருந்துகளில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டு சென்றார்கள். அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

மார்ச் 23 அன்று டோக்கியோவின் கனமாச்சி நீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு 210 பெக்கரெல் கதிரியக்க அயோடின் இருப்பதாக அறிவித்தார்கள். பெரியவர்களுக்கான வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோக, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் குழந்தைக்கு மூன்று பாட்டில் வீதம் மாநகர அரசு வழங்கியது. மறுநாளே அளவு 100-க்குக் கீழே இறங்கிவிட்டது. என்றாலும் பால்பொடி கரைக்க வேண்டிய தாய்க்கு அந்த ஒரு நாள் எப்படிக் கழிந்திருக்கும்!

பள்ளிக்கூடப் பிரச்சினை இன்னும் ஆழமாகக் காயப்படுத்தியது. ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வரை மாணவர்களுக்கு ஏற்கத்தக்கது என்று ஏப்ரலில் கல்வி அமைச்சகம் நிர்ணயித்தது. பிரதமரின் ஆலோசகராக இருந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு அறிஞர் தோஷிசோ கொசாகோ, இதை ஏற்க முடியாது என்று கண்ணீரோடு பதவி விலகினார். கோரியாமா நகரம் அமைச்சகத்துக்குக் காத்திராமல் பள்ளி மைதானங்களின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தது. பெற்றோர்கள் தாங்களே அளவுமானிகள் வாங்கி மணல் தொட்டியையும் சாக்கடை ஓரத்தையும் அளந்தார்கள். மே மாதம் டோக்கியோவுக்கே வந்து அமைச்சகத்தின் வாசலில் நின்றார்கள். சில நாட்களில், 1 மில்லிசீவர்ட்டுக்குள் கொண்டுவருவதே இலக்கு என்று அமைச்சகம் இறங்கிவந்தது. இதையும் பீதி என்றுதான் சொல்வதா?

வெளிநாடுகளில் எதிர்வினை பலவிதம். அயோடின் கலந்த உப்பு கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்ற வதந்தியால் சீனாவில் உப்பு மூட்டைகள் காலியாயின. ஜெர்மனியில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்க, மெர்க்கல் அரசு பழைய உலைகளை உடனே நிறுத்தியது. அந்நாட்டின் கடைசி உலைகள் 2023 ஏப்ரலில் மூடப்பட்டன. இத்தாலியில் 2011 ஜூன் பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 94 விழுக்காட்டினர் அணுமின்சாரம் வேண்டாம் என்றார்கள்.

தமிழகத்தில் கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்பு 1980-களிலேயே தொடங்கியிருந்தாலும், ஃபுகுஷிமாவுக்குப் பின் அது இடிந்தகரையை மையமாகக் கொண்ட மக்கள் போராட்டமாக வளர்ந்தது. 2004 சுனாமி அங்கே வெறும் செய்தியல்ல. அதில் பாதிக்கப்பட்டோருக்குக் கட்டிய சுனாமி காலனி அணுமின் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. 2011 செப்டம்பரில் லூர்து மாதா கோயில் வளாகத்தில் தொடர் உண்ணாவிரதம் நடந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் காவல்துறை துப்பாக்கிச்சூட்டில் மீனவர் ஒருவர் பலியானார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது.

ஜப்பானில் 2011 செப்டம்பர் 19 அன்று எழுத்தாளர் கென்சாபுரோ ஓஎ உள்ளிட்டோர் அழைப்பில் டோக்கியோவில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 2012 முதல் வெள்ளிக்கிழமைதோறும் பிரதமர் அலுவலகத்தின் எதிரே கூட்டம் கூடியது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் புதிய பள்ளிகளில் ‘கிருமி’ என்று ஒதுக்கப்பட்ட கொடுமையும் இதே காலத்தது.

ஃபுகுஷிமா நிலையத்தில் தேங்கிய கதிரியக்க நீரைச் சுத்திகரித்துக் கடலில் விடும் திட்டம் பழைய காயத்தைக் கிளறியது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் பெறாமல் எதுவும் செய்யமாட்டோம் என்று 2015-ல் ஃபுகுஷிமா மீனவர் கூட்டமைப்புக்கு அரசும் டெப்கோவும் எழுத்தில் உறுதி அளித்திருந்தன. மீனவர்களின் எதிர்ப்பு நீடிக்கையிலேயே 2023 ஆகஸ்ட் 24 அன்று வெளியேற்றம் தொடங்கியது. பன்னாட்டு அணுசக்தி முகமை அந்தத் திட்டம் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதே என்று கூறியிருந்தது. சீனா ஜப்பானிய கடலுணவு இறக்குமதியை முற்றாக நிறுத்தியது. அடுத்த மாதமே மீனவர்களும் பொதுமக்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர், வெளியேற்றத்தை நிறுத்தக் கோரி ஃபுகுஷிமா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள்.