நில அதிர்வு ஆய்வும் கிணற்றுப் பதிவும்

நிலத்தடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேங்கிய பாறையடுக்கைக் கண்டறிய உதவும் இரு அளவீட்டு முறைகள் இவை. நிலத்தை அதிரச் செய்து, அடுக்குகளில் பட்டு மீளும் அலைகளைப் பதிந்தால் பல கிலோமீட்டர் பரப்பின் அமைப்பு விளங்கும். ஆனால் பத்து மீட்டருக்கும் மெல்லிய அடுக்கு பெரும்பாலும் தனித்துத் தெரியாது. கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் பதிவு அரை மீட்டர் அடுக்கையும் காட்டும். ஆனால் கிணற்றை ஒட்டிய பாறைக்கு அப்பால் எதையும் சொல்லாது.

ஜெர்மானியச் சுரங்க அளவையாளர் லுட்கர் மின்ட்ராப் 1919-இல், அடுக்கின் வழியே விலகிச் சென்று திரும்பும் அலைகளைப் பதியும் விலகல் அலை முறைக்குக் காப்புரிமை கோரினார். அம்முறை 1924-இல் டெக்சஸில் ஆர்ச்சர்ட் உப்புக் குவிமாடத்தைக் காட்டிக்கொடுத்தது. அடுக்கில் பட்டு மீளும் எதிரொளிப்பு அலைகளை ஜே. சி. கார்ச்சரின் குழு 1921-இல் ஓக்லஹோமாவில் சோதித்தது. எண்ணெய்த் தேடலில் இன்று ஓங்கி நிற்பது இந்த எதிரொளிப்பு முறைதான்.

கிணற்றுப் பதிவு 1927 செப்டம்பர் 5 அன்று, பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள பெஷல்ப்ரோன் எண்ணெய் வயலில் பிறந்தது. கான்ராட், மார்செல் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களுக்காக ஆன்ரி டோலும் உடனிருந்தவர்களும் மின்முனைகளை வடத்தில் கட்டி இறக்கினர். மீட்டருக்கு மீட்டர் நிறுத்திப் பாறையின் மின்தடையை அளந்து, கையாலேயே கோடு வரைந்தனர். பாறை மாறுமிடம் கோட்டில் தெரிந்தது. எண்ணெய் எவ்வளவு என்பது தெரியவில்லை.

அதற்கு விடை 1942-இல் வந்தது. பாறைத் துளைகளிலுள்ள உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. ஷெல் நிறுவனத்தின் கஸ் ஆர்ச்சி, பாறையின் மின்தடை, அதிலுள்ள நீரின் மின்தடை, துளைகளின் அளவு ஆகியவற்றை இணைத்து, துளைகளில் நீரின் பங்கைக் கணக்கிட வழி தந்தார். மிச்சம் எண்ணெயோ வாயுவோ. இத்துறையில் இத்தனை எளிமையும் இத்தனை பயனும் சேர்ந்த வேறொரு சமன்பாடு இல்லை. களிமண் கலவாத மணற்பாறையில் அது நன்கு பொருந்தும். ஆனால் 1974-இல் எண்ணெய் கண்ட இந்தியாவின் மும்பை ஹை வயலின் முதன்மைத் தேக்கம் சுண்ணாம்புப் பாறை. அத்தகைய பாறையில் துளைகளின் வடிவம் பலவாறாக மாறுவதால், சமன்பாட்டின் மாறிலிகளைப் பாறை மாதிரிகளில் தனியே அளக்க வேண்டும்.

இரு முறைகளையும் இணைப்பதில் ஒரு தடை இருந்தது: அலைப்பதிவு நேரத்தில் அமைந்தது, கிணற்றுப் பதிவு ஆழத்தில். பாறையில் ஒலி செல்லும் வேகத்தைக் கிணற்றிலேயே அளக்கும் கருவிகள் 1950-களில் வந்தபின் அது நீங்கியது. அந்த வேகத்தைக் கொண்டு, அவ்விடத்தில் கிடைத்திருக்க வேண்டிய அலைப்பதிவைக் கணக்கிட்டு உருவாக்கும் முறை 1955-இல் வெளியானது. கணக்கிட்டதை உண்மைப் பதிவோடு பொருத்தினால், எந்த அலை எந்த அடுக்கினது என்பது புலனாகும். கிணற்றில் கண்ட அடுக்கை அங்கிருந்து தொலைவு வரை தொடரலாம்.

1970-களில் சில எரிவாயு மணற்பாறைகள் அலைப்படத்தில் பளிச்செனத் தெரிவது தேடலுக்கு நேரடித் தடயமாயிற்று. எனினும் துளைகளில் வாயு மிகச் சிறிதளவே இருந்தாலும் அலைவேகம் வெகுவாகக் குறையும். ஆகவே வணிகத்துக்கு உதவாத அடுக்கும் ஏறத்தாழ அதே பளிச்சோடு தெரியக்கூடும். தோண்டிய கிணற்றின் மின்தடைப் பதிவுதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.