பசுப்பால் சேராத குழந்தைக்கு: சோயா மாவும் பகுத்த பால்மாவும்

பசுப்பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்காமற்போனால், அல்லது போதாமற்போனால், குடும்பத்தின் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று சோயா மா. மற்றது பசுப்பால் புரதத்தை நொதிகளால் மிகச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யும் மா. கிளினிக்கில் இதை ‘ஹைட்ரோலைஸ்ட்’ மா என்பார்கள். இங்கே பகுத்த பால்மா என்று சொல்வோம். சோயா மா விலை குறைந்தது, வாசனையும் பழகியது. பகுத்த பால்மா விலை கூடியது, கசப்பானது. கண்டியில் பார்மசி வாசலில் நிற்கும் தகப்பன் எதை விரும்புவார் என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஆனால் இந்தத் தெரிவில் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் வயது. அடுத்தது ஒவ்வாமை எப்படி வெளிப்பட்டது என்பது. விலை மூன்றாவதாகத்தான் வர வேண்டும்.

முதலில், இது ஒவ்வாமைதானா?

பசுப்பால் ஒவ்வாமை இரண்டு விதமாக வரும். ஒரு விதத்தில், பால் உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, சில வேளை மூச்சுத்திணறல் என்று வெளிப்படும். மற்றது மெதுவானது. மலத்தில் இரத்தமும் சளியும், தொடர் வாந்தி, வயிற்றோட்டம், எடை ஏறாமை என்று சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ தெரியவரும். லக்டோஸ் செரியாமை இவற்றில் சேராது. அது பாலிலுள்ள சர்க்கரையைப் பற்றியது. ஆகவே ‘லக்டோஸ் இல்லை’ என்று எழுதிய சாதாரண மா ஒவ்வாமைக்கு மருந்தாகாது. அதில் பசுப்பால் புரதம் முழுதாகவே இருக்கிறது.

மெதுவான வகையை உறுதிசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பசுப்பாலை முற்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். குணம் தெரிந்தால் மருத்துவரின் சொற்படி மீண்டும் கொடுத்துப் பார்ப்பார்கள். அறிகுறி திரும்பினால்தான் ஒவ்வாமை என்ற முடிவுக்கு வரலாம். குணமான பிள்ளைக்குத் திரும்பவும் ஏன் கொடுப்பது என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆனாலும் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. பால் கக்குவதும் மாலையில் ஓயாமல் அழுவதும் ஆரோக்கியமான குழந்தைகளிலும் உண்டு. இங்கிலாந்தில் இவ்வகை விசேட மாக்களுக்கான மருந்துச்சீட்டுகள் 2006இல் ஏறக்குறைய ஒரு இலட்சத்து ஐயாயிரமாக இருந்தன. 2016இல் அவை ஆறு இலட்சத்தைத் தாண்டின. ஒவ்வாமை அந்த அளவுக்குப் பெருகியதற்குச் சான்றில்லை என்று பிரித்தானிய மருத்துவ இதழ் 2018இல் எச்சரித்தது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட பன்னீராயிரம் குழந்தைகளில், முறைப்படி உறுதியான பசுப்பால் ஒவ்வாமை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையென்றால் டின்னைத் தேடவே தேவையில்லை. மருத்துவர் அவசியம் என்று சொன்னால் மட்டும் தாய் பாலுணவை நிறுத்திப் பார்க்கலாம்; பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் வேண்டியிராது. நிறுத்தும் தாய் பால் தேத்தண்ணியிலிருந்து பிளேன்டீக்கு மாறினால் மட்டும் போதாது. பிஸ்கட் லேபலில் ‘பால் திண்மம்’, ‘வே’, ‘கேசீன்’ என்ற சொற்களையும் பார்க்க வேண்டும். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷவில் சோளத்தோடும் சோயாவோடும் பால்மாவும் சேர்ந்திருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பாலை விடும் தாய்க்குக் கால்சியம் மாத்திரையும், நெத்தலி, குரக்கன், எள்ளு, கீரை வகைகளும் வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

பசுப்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மிச்சம் வே. உடம்பின் எதிர்ப்புச் சக்தி இவற்றின் வடிவத்தைக் கண்டுதான் சண்டைக்கு எழுகிறது. பகுத்த பால்மாவில், கோத்த மணிமாலையை அறுத்ததுபோல் புரதம் அடையாளம் தெரியாத சிறு துண்டுகளாகிவிடுகிறது. ஆனாலும் மூலப்பொருள் பசுப்பால்தான். தப்பிய சில துண்டுகளை உணரும் குழந்தைகளும் இருப்பார்கள். பசுப்பால் ஒவ்வாத குழந்தைகளில் குறைந்தது நூற்றுக்கு தொண்ணூறு பேர் இதைத் தாங்க வேண்டும் என்பதே இந்த மாவுக்கான அளவுகோல்.

சோயா மாவின் வழி வேறு. அதில் பசுவின் புரதம் அறவே கிடையாது. ஆனால் சோயாப் புரதம் முழுதாக இருக்கிறது, அதுவும் ஒவ்வாமை தரக்கூடியதே. பகுத்த மாவில் பகைவனை உடைத்து அனுப்புகிறோம். சோயா மாவில் வேறொருவரை அனுப்புகிறோம். அந்த வேறொருவரும் பகையாக மாறலாம்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வொன்று ஹெல்சிங்கியில் நடந்து 2002இல் வெளியானது. பசுப்பால் ஒவ்வாமை உறுதியான 170 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 80 பேருக்குச் சோயா மாவும் 90 பேருக்குப் பகுத்த பால்மாவும் கொடுத்தார்கள். சோயாப் பக்கம் எட்டுக் குழந்தைகளுக்கும் மறுபக்கம் இரண்டு குழந்தைகளுக்கும் ஒவ்வாமை உறுதியானது. நூற்றுக்கு பத்தும், இரண்டு சொச்சமும். சோயா குடித்தவர்களில் ஆறு மாதத்துக்குட்பட்ட 20 பேரில் ஐந்து பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்கு மேற்பட்ட 60 பேரிலோ மூன்று பேர் மட்டுமே. கூட்டம் சிறியதுதான். ஆனாலும் வயதே தீர்க்கும் காரணி என்பதை இந்த எண்கள் தெளிவாகச் சொல்கின்றன.

வயதும் போசாக்கும்

ஐரோப்பியக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம், ஆறு மாதத்துக்கு முன் உணவு ஒவ்வாமைக்காகச் சோயா மா கொடுக்க வேண்டாம் என்று 2006இலேயே சொன்னது. சோயாவிலுள்ள ஃபைட்டேட் நாகம், இரும்பு போன்றவற்றை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் போல் செயற்படக்கூடிய ஐசோஃபிளவோன்களும் அதில் அதிகம். நல்ல சோயா மாவில் மெதியோனின் என்ற அமினோ அமிலமும் கூடுதல் தாதுக்களும் சேர்த்து இக்குறைகளை ஈடுசெய்கிறார்கள். நிறைமாதக் குழந்தைகள் அதில் ஒழுங்காக வளர்வதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் ஏற்கிறார்கள். அவர்களும் பசுப்பால் ஒவ்வாமைக்குப் பகுத்த மாவையே முன்வைக்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்குச் சோயா வேண்டாம் என்கிறார்கள்.

ஆறு மாதம் கடந்து, சோறும் பருப்பும் கீரையும் தொட்டுக்கொள்ளும் குழந்தைக்கு நிலைமை மாறுகிறது. பால்மாவே முழு உணவாக இல்லாத அந்த வயதில், சோயா ஒவ்வாமை இல்லையென்று மருத்துவர் உறுதி செய்தால், சோயா மா மதிக்கத்தக்க மாற்று. மெதுவான வகையிலும் குறிப்பாகக் கடும் வாந்தியோடு குழந்தை சோர்ந்து விழும் குடல் அழற்சி இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். அத்தகைய குழந்தைகளில் சிலர் சோயாவுக்கும் அதே விதமாகத் துன்பப்படுவார்கள்.

நாவும் பணமும்

பகுத்த பால்மாவின் கசப்பை மூன்று நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் பொருட்படுத்தாது. ருசி பழகிய பெரிய குழந்தை முகத்தைத் திருப்பும். மாற்றத்தைச் சில நாட்களில் படிப்படியாகச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது; உடனடி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த வழி பொருந்தாது. மலம் பச்சையாக, இளகலாகப் போவதைக் கண்டு பயந்து மாவை நிறுத்த வேண்டாம். சோயாவில் ருசிப் பிரச்சினை குறைவு; மலம் சற்று இறுகலாம்.

பணக் கணக்கைப் பார்ப்போம். ஐந்தரைக் கிலோ எடையுள்ள மூன்று மாதக் குழந்தை, தாய்ப்பால் இல்லாமல் மாவை மட்டுமே நம்பியிருந்தால், நாளுக்கு ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் குடிக்கும். அதற்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் மா வேண்டும். 400 கிராம் டின் நான்கு நாள்கூட வராது. மாதத்துக்கு எட்டு டின். தேயிலைக் கொழுந்து பறித்து நாட்சம்பளம் வாங்கும் வீட்டுக்கு இது தாங்க முடியாத பாரம். 2021, 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சாதாரண பால்மாவுக்கே மக்கள் அலைந்ததைக் கண்டோம். 2022 பெப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையின் மா திரும்பப் பெறப்பட்டபோது, விசேட மாவை நம்பியிருந்த குழந்தைகளின் குடும்பங்கள் அங்கேயே தவித்தன. பகுத்த மாவைத் தொடங்குமுன் அது தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டின்னை நீட்டிக்கத் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பது மிகப் பெரிய ஆபத்து. குழந்தையின் எடை விழும், இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பும் வரலாம். கரண்டி அளவு ஒவ்வொரு டின்னுக்கும் வேறு. பழைய டின்னின் கரண்டியைப் புதிய டின்னுக்குப் பயன்படுத்தக்கூடாது.

செலவுக்கு அஞ்சி ஆட்டுப்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் போவதும் பிழை. இத்தாலியில் சோதிக்கப்பட்ட 26 பசுப்பால் ஒவ்வாக் குழந்தைகளில் 24 பேருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வவில்லை. எருமைப்பால் புரதமும் பசுவினுடையதை மிக ஒத்தது. ‘எச்.ஏ.’ என்று எழுதிய அரைகுறையாகப் பகுத்த மா இந்த நோய்க்கு ஆகாது. சோற்றுக் கஞ்சித் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் பால்மாவுக்கு ஈடாகா.

இரண்டும் போதாத குழந்தை

உயிராபத்தான உடனடி ஒவ்வாமை, பகுத்த மாவிலும் நிற்காத அறிகுறி, எடை ஏறாமை, பல உணவுகளுக்கு ஒரே சமயத்தில் ஒவ்வாமை ஆகிய நிலைகளில் அமினோ அமில மா தேவைப்படும். அதில் புரதத் துண்டுகளே இல்லை. விலையும் மிக அதிகம். பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களின் நிபுணர் சொன்ன பிறகே அதை நாட வேண்டும்.

எந்த மாவானாலும் குழந்தை பகலில் இருக்கும் இடத்திலும் அதே மா வேண்டும். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் தாய் வேலைக்குத் திரும்பியதும் குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். அங்கே பொறுப்பானவருக்கு ஒவ்வாமையைத் தெளிவாகச் சொல்லி, டின்னையும் அளவையும் கையில் கொடுக்க வேண்டும். தடுப்பூசிக்கு முன் மருத்துவிச்சிக்கும் சொல்ல வேண்டும். பசுப்பாலும் மாட்டிறைச்சியும் ஒவ்வாத சில குழந்தைகளில் தடுப்பூசிக்குப் பின் வந்த ஒவ்வாமைக்கு, மருந்தில் தங்கியிருக்கும் மாட்டு அல்புமின் காரணமாகலாம் என்று இலங்கை மருத்துவர்கள் 2017இல் எழுதினார்கள். அதற்காக ஊசியைத் தவிர்க்கக்கூடாது. எங்கே, யார் கண்காணிப்பில் போடுவது என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள்.

ஆகவே என் முடிவு இது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு, தாய்ப்பாலுக்கு அடுத்தது பகுத்த பால்மாவே. ஆறு மாதத்துக்கு மேல், கடுமையற்ற ஒவ்வாமையில், சோயா மா நியாயமான தெரிவு. பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதுக்குள் பசுப்பாலைத் தாங்கத் தொடங்குவதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்க வேண்டும். தேவை முடிந்த பின்னும் விலை கூடிய டின்னை வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒவ்வாமை முறைப்படி உறுதியான சின்னக் குழந்தைக்குப் பகுத்த பால்மா உணவல்ல, மருந்து. அரச மருத்துவமனையில் மருந்து இலவசம் என்ற கொள்கையில் வளர்ந்த நாடு, அந்தச் சில குழந்தைகளின் டின்னையும் அதே பட்டியலில் வைக்க வேண்டும். குடும்பத்தின் கையில் பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காக நான்கு மாதக் குழந்தைக்குச் சோயா மா கரைக்கப்படக்கூடாது.