கல்முனைத் தெருவில் போட்ட கதிரை: தற்காலிகம் எப்போது நிரந்தரமாகும்?

"தற்காலிகம்" என்ற சொல்லின் நீளத்தை அம்பாறைக் கரையோர மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் சில மாதங்களுக்கென்று தற்காலிகக் கொட்டில்களுக்குப் போன குடும்பங்கள் பல, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தன. போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் அதே அனுபவம்தான். எழுத்தில் இல்லாத இடம் எவ்வளவு காலம் இருந்தாலும் நம்முடையதாகாது என்பதே இரண்டிலும் கற்ற பாடம். இன்று அதே கேள்வி கடைத்தெருவிலும் இருக்கிறது.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ், முஸ்லிம் ஊர்களை ஏ4 நெடுஞ்சாலை கோர்த்துச் செல்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் ஒடுங்கிய நிலம். கடைகளுக்கு உள்ளே இடம் குறைவு என்பதால் மாலையானதும் கொத்துரொட்டிக் கடையின் கதிரைகள் வாசலுக்கு வருகின்றன. நோன்பு மாதத்தில் கஞ்சியும் சமூசாவும் விற்கும் மேசைகள் பெருகுகின்றன.

போர்க்காலத்தில் பொழுது சாயுமுன்னரே பூட்டப்பட்ட தெரு இது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்த சம்பவத்தின் பின்னரும், 2020 மார்ச் 20 இல் தொடங்கிய நாடளாவிய ஊரடங்கின்போதும் இரவு மீண்டும் வெறிச்சோடியது. எனவே வெளியில் அமர்ந்து பயமின்றிச் சாப்பிடுவது இங்கே சின்ன விடயம் அல்ல.

ஆனால் அந்தக் கதிரை யாருடைய நிலத்தில் நிற்கிறது? 'ஏ', 'பி' வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. 2008 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க தேசிய பெருந்தெருக்கள் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். ஊருக்குள் செல்லும் உள்ளூர் வீதிகள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. உணவின் சுத்தத்தை 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கிறார். போக்குவரத்தைப் பொலிஸார் பார்க்கின்றனர். ஒருவர் கண்டும் காணாமல் விட்டாலும் இன்னொருவர் வந்து அகற்றச் சொல்லலாம். கல்முனையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 2025 மே 6 இல் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபை அதில் இடம்பெறவில்லை. தெரிவான உறுப்பினர் இல்லாத காலத்தில் வியாபாரிக்குத் தன் குறையைச் சொல்ல ஒரு வழி குறைந்துவிடுகிறது.

கொரோனாக் காலத்தில் உலகின் பல நகரங்கள் உணவகங்களைத் தெருவுக்கு வர அனுமதித்தன. இங்கிலாந்து 2020 இல் கொண்டுவந்த நடைபாதை அனுமதி முறையை 2024 மார்ச் 31 முதல் நிரந்தரமாக்கியது. முதல் அனுமதிக்கு 500 பவுணும் புதுப்பிக்க 350 பவுணுமே கட்டண உச்சவரம்பு. அனுமதி இரண்டு ஆண்டு வரை செல்லும். நியூயோர்க்கிலும் 2023 இல் நிரந்தரச் சட்டம் வந்தது. ஆனால் தற்காலிகத் திட்டத்தில் 12,000 இற்கும் மேற்பட்ட உணவகங்கள் இருந்த அந்நகரில், நிரந்தரத் திட்டத்திற்கு விண்ணப்பித்தவை அதில் ஒரு சிறு பகுதியே. கட்டணமும் கடதாசி வேலையும் கூடினால் நிரந்தரம் என்பது பணமுள்ளவருக்கு மட்டும் உரியதாகிவிடும்.

நமக்கு நெருக்கமான உதாரணங்கள் ஆசியாவில் உள்ளன. சிங்கப்பூர் 1968-69 இல் சுமார் 18,000 தெரு வியாபாரிகளை முதலில் பதிவு செய்தது. பின்னர் நீரும் வடிகாலும் உள்ள பொது உணவு மையங்களைக் கட்டி அவர்களை அங்கே கொண்டுசென்றது. 2020 இல் அந்தப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் 2014 ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், முடிவெடுக்கும் நகரக் குழுவில் 40 வீதத்திற்குக் குறையாத இடங்களை வியாபாரிகளுக்கும், அதில் மூன்றில் ஒன்றைப் பெண்களுக்கும் ஒதுக்குகிறது. அகற்றுவதற்கு 30 நாள் முன்னறிவித்தலும் வேண்டும். நடைமுறையில் குறைகள் இருந்தாலும், வியாபாரி காட்டுவதற்கு ஒரு சட்டம் கையில் இருக்கிறது.

ஆக, நிரந்தரம் என்பது சீமெந்துக் கட்டடம் அல்ல. இடத்தின் அளவு, நேரம், கட்டணம், காலம், அகற்றுமுன் அறிவித்தல் ஆகியவை எழுதப்பட்ட ஒரு தாள்தான் அது. கல்முனையில் நெடுஞ்சாலை ஓரத்தை விட, மாநகர சபையின் உள்ளூர் வீதிகளிலும் பொது இடங்களிலும் மாலை நேர அனுமதியாக அதைத் தொடங்குவது எளிது. முடிவெடுக்கும் அதிகாரம் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது.

அந்தத் தாளில் இரண்டு நிபந்தனைகள் விட்டுக்கொடுக்க முடியாதவை. முதலாவது, நடப்பவருக்கான வழி. இங்கிலாந்தின் வழிகாட்டல் பெரும்பாலான இடங்களில் ஒன்றரை மீற்றர் இடைவெளி கேட்கிறது. போரில் கால் இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் செல்வோரும் வாழும் மாகாணத்தில் அந்த ஒன்றரை மீற்றரைக் கதிரைக்குக் கொடுத்துவிட முடியாது. இரண்டாவது, வெளிப்படைத்தன்மை. யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே கடை வைத்திருக்கும் ஊரில், மறைவாகக் கொடுக்கப்படும் இடம் இனச் சந்தேகமாக மாற அதிக நாள் எடுக்காது.

ஒரு மேசையும் நான்கு கதிரையும் ஒரு குடும்பத்தின் இரவு வருமானம். நாளைக்கும் அதே இடத்தில் அவற்றைப் போடலாம் என்ற உறுதி இருந்தால்தான், அந்தக் குடும்பம் கடன் வாங்கி நல்ல அடுப்பு ஒன்று வாங்கவும், கழிவுநீருக்குக் குழாய் போடவும் துணியும். தெருவின் சுத்தமும் ஒழுங்கும் அந்த உறுதியில் இருந்துதான் தொடங்கும்.